படமும் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

வான்கோவின் கோதுமை வயல் படத்தை இணையத்திலிருந்து எடுத்து, 36 × 24 அங்குலத்தில் அச்சடித்தேன். கிட்டே போனால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. மெஷினில் கோளாறு இல்லை என்கிறார் கடைக்காரர். – சேலம் வாசகர்

கடைக்காரர் சொல்வது சரிதான். தேடுபொறியில் கிடைக்கும் படம் பெரும்பாலும் 1,200 × 800 பிக்சல்தான் இருக்கும். அதை 36 அங்குல அகலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 33 பிக்சல் விழும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும். நாலடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 150 போதும். அதாவது, உங்கள் அளவுக்கு 5,400 × 3,600 பிக்சலாவது தேவை.

பெரிய கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமை முடிந்த தன் ஓவியங்களின் படங்களை 2017 முதல் எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. வான்கோ 1889-ல் வரைந்த ‘சைப்ரஸ் மரங்களோடு கோதுமை வயல்’ அங்கேதான் இருக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்துக்கும் அங்கேயே போகலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் இப்படித்தான். இறக்கிய கோப்பைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் விகிதம். கடையில் ரெடிமேட் பிரேம் இருக்கிறது என்பதற்காக ஓவியத்தை அதற்குள் திணிக்கிறோம். கோதுமை வயல் ஏறத்தாழ 73 × 93 செ.மீ. ஆகவே 16 × 20 அங்குலத்தில் அநேகமாக முழுசாக உட்கார்ந்துவிடும். 24 × 36-ல் மேலும் கீழும் சேர்த்து 4 அங்குலம் வெட்டுப்படும். வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ படத்துக்கு இன்னும் மோசம். அது 45.5 × 41 செ.மீ., கிட்டத்தட்ட சதுரம். 12 × 18 பிரேமை நிரப்பினால் அகலத்தில் கால்வாசி போய்விடும். இடப்பக்க ஜன்னலும், வலப்பக்கம் தரையில் இருக்கும் கால் சூடேற்றும் பெட்டியும் அடிபடும். அந்த ஜன்னல் வெளிச்சம்தான் படமே! 12 × 13.3 அங்குலத்தில் அச்சடித்து, மிச்ச இடத்தை மவுண்ட் போர்டால், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டையால், நிரப்பச் சொல்லுங்கள்.

பிரேம் போட்ட படம் இரண்டு மழைக்காலத்தில் அலை அலையாக நெளிந்து, ஓரிடத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பழுப்புப் புள்ளிகளும் வருகின்றன. – சென்னை வாசகி

பிரேமைப் பின்பக்கம் பிரித்துப் பாருங்கள். நாலு ஓரமும் டபுள் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். ஈரக் காற்றில் காகிதம் விரியும், விரிய இடமில்லாவிட்டால் நெளியும். மேல் ஓரத்தில் மட்டும் அமிலமில்லாத காகித டேப்பில் இரண்டு துண்டு போட்டுத் தொங்கவிட வேண்டும். பக்கங்களும் அடியும் ஒட்டாமல் இருக்கட்டும். கடைக்காரர் ‘நிக்காது சார்’ என்பார். நிற்கும்.

கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. நடுவில் 2 மி.மீ. மவுண்ட் போர்டு இருந்தால் அந்த இடைவெளி தானாக வந்துவிடும். மவுண்ட் வேண்டாம் என்பவர்கள் பிரேமின் உள்விளிம்பில் ஸ்பேசர் (இடைவெளி விடும் பட்டை) கேட்டு வாங்குங்கள். மவுண்ட் போர்டு அமிலமில்லாததாக இருக்க வேண்டும். மலிவான போர்டின் சாய்வாக வெட்டிய விளிம்பு சில வருடத்தில் பழுப்பேறும், பிறகு அந்தப் பழுப்பு படத்துக்கும் இறங்கும். பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டும் படத்தை நேராகத் தொடாமல், இடையில் ஓர் அமிலமில்லாத அட்டை வேண்டும். மைதாப் பசை அறவே வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

புள்ளிகளுக்கு ஈரமும் காரணம். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் ஓதம் இருந்தால் படத்தை உள்சுவருக்கு மாற்றுங்கள். எங்கே மாட்டினாலும் பிரேமின் பின்மூலைகளில், நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ரப்பர் பொட்டுகளை ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும்.

ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், மை கண்ணாடியோடு போய்விடும். அச்சுதானே, புதிதாக எடுத்துக்கொள்வது மலிவு. அப்போது பிக்மென்ட் மையில் (நுண்ணிய நிறப்பொடி கலந்த மை), பருத்திக் காகிதத்தில் கேளுங்கள். சாய மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் நெடுநாள் நிற்கும், ஆனாலும் நேர் வெயில் ஆகாது.

விளக்கேந்திய பெண், ரவிவர்மா படம்தானே? பூஜை அறைக்கு அச்சடிக்கலாமா? – திருச்சி வாசகி

ரவிவர்மா இல்லை. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அந்த நீர்வண்ண ஓவியம் எஸ்.எல். ஹல்தன்கர் வரைந்தது, மாடல் அவர் மகள். ரவிவர்மா 1906-லேயே இறந்துவிட்டார், அவர் ஓவியங்களைத் தாராளமாக அச்சடிக்கலாம். ஹல்தன்கர் இறந்தது 1968-ல். நம் சட்டப்படி ஓவியருக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு, அது 2028 முடியும்வரை ஓடுகிறது.

தாத்தா காலத்து லட்சுமி படம். ரவிவர்மா அச்சகத்து ஒலியோகிராஃபா (கல் அச்சில் எடுத்த வண்ணப் படம்), பிற்காலத்து மறு அச்சா? – காரைக்குடி வாசகர்

ரவிவர்மாவின் அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. அச்சகத்தின் பெயர் படத்தின் அடி விளிம்பில் இருக்கும், ஆனால் பலர் பிரேமுக்காக அதை நறுக்கிவிட்டார்கள். எனவே 10 மடங்கு லென்ஸ் வைத்து, முகத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள். வரிசை தப்பாமல், பூப்போல வட்டமிட்ட புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் மறு அச்சு. கையால் வைத்தது போல ஒழுங்கில்லாத புள்ளிகளும், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய நிறங்களும் தெரிந்தால் கல் அச்சு. புடவையில் ஜரிகை, சம்கி தைத்திருந்தால் பழசு என்று நம்ப இன்னொரு காரணம். துடைக்கும்போது கிளீனரைக் கண்ணாடிமேல் அடிக்காதீர்கள், இடுக்கு வழியே இறங்கும். துணியை நனைத்துத் துடையுங்கள். படத்தின்மேல் ஈரத்துணி படவே கூடாது.

எந்த உயரத்தில் மாட்டுவது? – கோவை வாசகி

நம் வீடுகளில் படம் எப்போதும் கதவு நிலைக்கு மேல்தான், சாமிக்கும் தாத்தாவுக்கும் பழகிய இடம். ஓவியத்தை அங்கே ஏற்றினால் பிரேம் மட்டும்தான் தெரியும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வரட்டும். சோபாவுக்கு மேல் என்றால், சோபா முதுகிலிருந்து 6 முதல் 8 அங்குலம் விட்டு, சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலத்துக்கு. கான்க்ரீட் ஆணி பூச்சைப் பெயர்க்கும், 6 மி.மீ. துளை போட்டு, பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்குங்கள். ஒரு ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு போட்டால் ஃபேன் காற்றில் படம் சாயாது. துளை போடுமுன் பிரேமின் கம்பியை மேலே இழுத்துப் பிடித்து, கம்பியின் உச்சிக்கும் பிரேமின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, பிரேமின் மேல் விளிம்பு வரவேண்டிய உயரத்திலிருந்து அதைக் கழித்துக் குறியிடுங்கள்.