உராய்வை வகுப்பில் எந்தச் சோதனையோடு தொடங்கலாம்?

உராய்வைச் செய்துகாட்டி விளக்க எளிய சோதனை எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மரக்கட்டையும் சுருள்வில் தராசும் போதும்.

கட்டையைத் தராசின் கொக்கியில் மாட்டி மேசைமேல் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். முள் ஏறிக்கொண்டே போகும், கட்டை அசையாது. நகரத் தொடங்கியதும் முள் சற்று இறங்கும். அந்த உச்ச அளவுதான் நிலை உராய்வின் எல்லை. பிறகு சீரான வேகத்தில் இழுக்கும்போது காட்டுவது இயக்க உராய்வு. கை வெடுக்கென்று இழுத்தால் முடுக்கத்துக்கான விசையும் கலந்து அளவு கெட்டுவிடும். முதல் நாலைந்து முயற்சிகள் வீணாகத்தான் போகும், பரவாயில்லை.

அப்புறம் கட்டையின் குறுகிய பக்கம் கீழே வரும்படி திருப்பி வையுங்கள். இழுக்கும் முன், உராய்வு கூடுமா குறையுமா என்று கேளுங்கள். பலரும் குறையும் என்பார்கள். ஆனால் அளவு ஏறக்குறைய அதேதான்! 1699-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கியோம் அமோந்தோன் சொன்ன விதி இது. பரப்புகள் உண்மையில் தொடுவது நுண்ணிய மேடுகளில் மட்டுமே. அந்தத் தொடுபரப்பைத் தீர்மானிப்பது அழுத்தும் விசை. அதே எடையுள்ள இன்னொரு கட்டையை மேலே வைத்தால் உராய்வு இரட்டிப்பாவதையும் பார்க்கலாம்.

தராசு இல்லையா? பலகையில் கட்டையை வைத்து மெல்லச் சாய்த்து, அது சறுக்கத் தொடங்கும் கோணத்தை அளந்தால் சரி. அதன் டேன்ஜென்ட் மதிப்பே நிலை உராய்வுக் குணகம், அதாவது நிலை உராய்வின் எல்லை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு என்பது. சுமார் 27 பாகை என்றால் 0.5.