அரிய பழங்கால நாணயங்கள் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். போலிகளை வாங்கி ஏமாறாமல் இருப்பது எப்படி?

நான் ஏமாந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆசை ஆசையாக வாங்கிய முதல் பெரிய காசு, கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நகரத்து வெள்ளி ஆந்தைக் காசு. ஒரு பக்கம் கிரேக்கத் தெய்வம் அதீனாவின் தலை, மறுபக்கம் நம்மையே முறைக்கும் ஆந்தை. அந்த ஆந்தையின் நெஞ்சில் குறுக்காக, அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். இப்படிக் கீறல் விழுந்திருக்கிறதே, பல கை மாறிய அசலாகத்தான் இருக்கும் என்று அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து வேறொருவர் விற்பனைக்கு வைத்திருந்த ஆந்தையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்: அதே கீறல், அதே சாய்வு. விளிம்பில் இருந்த வெடிப்புகூட அதே இடத்தில். வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகளில் உருவம் ஒன்றுபோல இருக்கலாம். அச்சில் விழுந்த விரிசல்கூட இரண்டிலும் தெரியலாம். ஆனால் அடித்த பிறகு ஏற்பட்ட கீறல், நசுங்கல், அரிப்புக் குழி, சம்மட்டி அடியில் விளிம்பு வெடித்த விதம் எல்லாம் அந்தந்தக் காசுக்கே உரியவை. அவை இரண்டு காசுகளில் அச்சு அசலாக ஒத்துப்போனால் குறைந்தது ஒன்றாவது போலி; பெரும்பாலும் இரண்டுமே. அதனால் இப்போது எதை வாங்கும் முன்பும், அதே வகைக் காசின் பழைய ஏலப் படங்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்ப்பேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் என்னை அதிகம் காப்பாற்றியது அதுதான்.

அடுத்தது தராசு. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஆந்தைக் காசின் எடை சுமார் 17.2 கிராம். தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். 15 என்று காட்டினால் கேள்வி கேட்க வேண்டும். நூலில் கட்டித் தண்ணீரில் முக்கியும் எடை பாருங்கள். நல்ல வெள்ளியின் அடர்த்தி தண்ணீரைப் போல 10.49 மடங்கு. அதாவது 17.2 கிராம் காசு தண்ணீருக்குள் ஏறக்குறைய 1.64 கிராம் குறைய வேண்டும். அதைவிட நன்றாகக் கூடுதலாகக் குறைந்தால் உள்ளே செம்பு இருக்கலாம்.

இருந்தாலும் செம்பு இருப்பதாலேயே அது இந்தக் காலத்துப் போலி என்று முடிவுகட்டிவிட முடியாது. கி.மு. 375/374இல் ஏதென்ஸ் ஒரு சட்டம் போட்டது. சந்தையில் உட்கார்ந்திருக்கும் சோதனையாளர், உள்ளே வெண்கலமோ ஈயமோ வைத்து வெள்ளி பூசிய காசு சிக்கினால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். அந்தக் காலத்துக் கள்ளக்காசுக்கும் இன்று சேகரிப்பாளர்கள் உண்டு!

லென்ஸில் முதலில் விளிம்பைப் பாருங்கள். அரம் போட்ட கோடுகளோ வார்ப்பச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் சுற்றிலும் ஓடும் மெல்லிய பொருத்துக்கோடோ தெரிந்தால் அதை வாங்காதீர்கள். உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்பில் எழுத்துகள் சோப்பு தேய்ந்த மாதிரி மழுங்கியிருக்கும், உருண்டையான குமிழிக் குழிகள் இருக்கும். பச்சைக் களிம்பில் சந்தேகம் வந்தால் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். பெயின்ட் பூசியிருந்தால் பஞ்சில் வந்துவிடும். தரையில் போட்டு ஓசை கேட்கும் வேலை மட்டும் வேண்டாம். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். அசல் காசே உடைந்து போகும்.

இத்தனையும் தாண்டி வரும் போலிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெக்கர் என்பவர் தானே அச்சு வெட்டி, நல்ல உலோகத்தில் அடித்தார். புதுப் பளபளப்பு போக, காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிக் குலுக்குவாராம். அப்படிப்பட்டவற்றை அனுபவசாலிகள்தான் அச்சை வைத்துப் பிடிப்பார்கள். புதிதாகத் தொடங்குபவர் அரிய காசு பக்கமே போகாமல், மலிவாகக் கிடைக்கும் அசல்களை நூறு தடவை கையில் எடுத்துப் பழகுவது நல்லது. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் அந்தப் பழக்கம் வராது.

காசோடு வரும் காகிதத்தையும் சந்தேகப்படுங்கள். ரோமானியத் தலைவர் சீசரின் கொலையைக் கொண்டாடி, கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசு ஒன்று 2020இல் சாதனை விலைக்கு ஏலம் போனது. காசு அசல், யாரிடமிருந்து வந்தது என்று காட்டிய வரலாறுதான் பொய். 2023இல் அது கிரேக்கத்துக்குத் திரும்பிப் போனது.

கடைசியாக, போலி என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். எனக்கு விற்றவர் கொடுத்த அவகாசம் ஏழு நாள். எனக்கு உண்மை தெரிய எட்டு மாதம் ஆயிற்று.