புராஸ்டேட் வீக்கத்துக்கு நீராவி சிகிச்சை: செய்துகொண்டதும் சரியாகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 63. ஸ்கேனில் புராஸ்டேட் 50 கிராம் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் சிறுநீர் திக்கித் திக்கித்தான் போகிறது, இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறேன். ஆபரேஷன் இல்லாமல் வெப்பத்தால் சரிசெய்யலாம் என்கிறார்களே, உடனே குணம் தெரியுமா?

பதில்: உங்கள் புராஸ்டேட் சுரப்பியின் அளவுக்கு நீராவி சிகிச்சை பொருந்தும். ஆனால் உடனே குணம் தெரியாது. சொல்லப்போனால், முதல் சில நாட்கள் தொந்தரவு கூடும். இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பயப்படாமல் இருப்பீர்கள்.

வெப்பத்தால் சரிசெய்யும் முறைகளில் மைக்ரோவேவ் முறை பழையது. இப்போது அதிகம் பேசப்படுவது ‘ரெசூம்’ என்ற நீராவி முறை. அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்றது. கத்தி வைப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை உள்ளே விட்டு, கேமராவில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைப் பக்கவாட்டில் சுரப்பிக்குள் செலுத்துவார்கள். ஒவ்வோர் இடத்திலும் 9 விநாடி நீராவி பாயும். அது குளிர்ந்து நீராகும்போது வெளிவரும் வெப்பத்தில் அங்குள்ள செல்கள் இறந்துவிடும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

இறந்த செல்களை உடம்பு மெதுவாகத்தான் கரைத்து அகற்றும். அதுவரை சுரப்பி வீங்கியிருக்கும் என்பதால், சில நாட்களுக்குச் சிறுநீர் டியூப் போட்டு அனுப்புவார்கள். எரிச்சல், அவசரம், லேசான ரத்தக்கசிவு இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் மாற்றம் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

இதன் பெரிய ஆதாயம் தாம்பத்தியத்தில். சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் வழக்கமான டியுஆர்பி ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். இதில் அது குறைவு. ஆனால் சிறுநீரின் வேகம் கூடுவது டியுஆர்பியில்தான் அதிகம். எது முக்கியம் என்பதை மனைவியோடும் பேசி முடிவெடுங்கள்.

அதற்கு முன், இரவில் எழுவதற்குப் புராஸ்டேட்தான் காரணமா என்று பாருங்கள். சர்க்கரை நோய், கால் வீக்கம், தூக்கத்தில் மூச்சுத்திணறல் ஆகியவையும் எழுப்பிவிடும். அவற்றை நீராவி தீர்க்காது. மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் சிறுநீர் வேகப் பரிசோதனையும் அவசியம். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டியூப் எடுத்த பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.