முடிவு தெரிந்த கதையின் இன்பம்: வாசகர் கேள்வி – பதில்

குளிர்கால விடுமுறை நாட்களில் நிகழும் இலகுவான காதல் நாவல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கிறிஸ்துமஸ் காலத்துக் காதல் நாவல்களை ஆங்கிலத்தில் விரும்பி வாசிக்கிறேன். யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் கடைசிப் பக்கம் வரை விடாமல் வாசிக்கிறேன். இது என் வாசிப்பில் உள்ள சோம்பலா? (கல்லூரி மாணவி)

பதில்: சோம்பல் அன்று. எதற்காக வாசிக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யும் தேர்வு அது. 1980-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் இவ்வகை நாவலுக்கு இரண்டே இலக்கணங்களைச் சொல்கிறது: கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். ஆகவே, இருவரும் சேர்வார்கள் என்பது நீங்கள் துப்பறிந்து கண்டுபிடித்த இரகசியம் அன்று. நூலைத் திறக்கும் முன்பே ஆசிரியர் உங்களுக்குக் கொடுத்துவிட்ட வாக்கு.

இந்நாவல்களை ஆராய்ந்த பமீலா ரெஜிஸ், 2003-இல் வெளியிட்ட தம் நூலில், ஒரு காதல் நாவலுக்கு எட்டுக் கூறுகள் உண்டு என்கிறார். கதை நிகழும் சமூகத்தின் நிலை, சந்திப்பு, ஈர்ப்பு, தடை, காதலை வெளிப்படுத்துதல், இனி எல்லாம் முடிந்தது என்று தோன்றும் கட்டம், தடையை நீக்கும் தெளிவு, இணைவு என்பன அவை. எட்டும் எல்லா நூல்களிலும் இருக்கும் என்றால், ஒரு நூலை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது எது? இந்தக் கேள்விக்கு விடை தேடத் தமிழ் வாசகர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்க, அவன் காதில் விழும்படி தோழி தலைவியிடம் பேசுகிறாள் என்ற ஒரே சூழலில் சங்க அகப்பாடல்கள் பல எழுந்திருக்கின்றன. பாட்டுக்கு முன்பே அதன் துறை, அதாவது பேச்சு நிகழும் சூழல், நமக்குத் தெரியும். தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர்கூடக் கிடையாது. ஆயினும் ஒரு பாட்டின் தோழி கெஞ்சுகிறாள், இன்னொரு பாட்டின் தோழி இடித்துரைக்கிறாள் என்று நாம் பிரித்தறிந்து மகிழ்கிறோம். மரபு முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் சின்னஞ்சிறு மாற்றமும் நம் கண்ணில் படுகிறது. நாவலின் தரம் அகப்பாடலின் தரத்துக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. வாசிக்கும் மனம் இரண்டிலும் ஒரே வகையில் இயங்குகிறது என்றே சொல்கிறேன்.

கேள்வி: இத்தனை காதல் நாவல்களுக்கு ஏன் டிசம்பர் மாதமே தேவைப்படுகிறது? பனியும் விளக்குகளும் வெறும் அலங்காரம்தானே? (ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்)

பதில்: மோசமான நாவல்களில் அலங்காரம்தான். நல்ல நாவல்களில் பனி கதையை நகர்த்துகிறது. வேறு எந்த மாதத்திலும் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தவிர்க்க நினைத்தால் தவிர்த்துவிடலாம். வேலை இருக்கிறது, ஊர் பெரியது, நாளை பார்த்துக்கொள்ளலாம். டிசம்பரின் கடைசி வாரத்தில் அலுவலகங்கள் மூடிக்கிடக்கும். நகரத்துக்குப் போனவர் பிறந்த ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஒரே மேசையில் முன்னாள் காதலனும் அத்தையும் தம்பியும் உட்கார வேண்டியிருக்கும். சாலையைப் பனி மூடிவிட்டால் வந்த விருந்தாளி கிளம்பவும் முடியாது. இத்தனைக்கும் மேலாக, புத்தாண்டு பிறந்ததும் விடுமுறை முடிந்து அவரவர் வழியே பிரிய வேண்டும் என்ற கெடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே ஒவ்வொரு உரையாடலின் மேலும் கவிந்திருக்கிறது. பத்து நாளில் சொல்லாததை இனி எப்போதும் சொல்ல முடியாது என்ற இந்த நெருக்கடியை வேறொரு மாதத்தில் உண்டாக்க ஆசிரியர் எவ்வளவோ பாடுபட வேண்டும்.

பருவமும் தன் பங்குக்கு உதவுகிறது. வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22 ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த நாள். அந்நாட்களில் லண்டனில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், கதையின் பெரும்பகுதி இருட்டிலும் விளக்கொளியிலும் நடக்கிறது. வெளியே குளிர், உள்ளே கதகதப்பு என்ற எதிர்நிலை ஒரு சொல்லும் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. தொல்காப்பியர் கூடலுக்கு உரிய குறிஞ்சித் திணைக்குக் கூதிர்ப் பருவத்தையும் நள்ளிரவையும் வகுத்து, முன்பனிக் காலமும் அதற்கு உரியது என்றாரல்லவா? குளிருக்கும் கூடலுக்கும் உள்ள உறவு இந்நாவலாசிரியர்கள் கண்டுபிடித்தது அன்று.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. இந்நாவல்களில் அடிக்கடி வரும் மிசில்டோ என்ற செடிக்கொத்தின் கீழே எதிர்ப்படும் இருவர் முத்தமிட்டுக்கொள்ளலாம் என்ற வழக்கம் இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவாகியிருக்கிறது. அந்தச் செடி வேறொன்றும் இல்லை, நம் புல்லுருவியின் இனம்தான். பிற மரத்தில் ஒட்டி வாழ்வதால் நாம் வசைச்சொல்லாக்கிவிட்ட ஒரு செடி, மற்றொரு நாட்டில் கூச்சமுள்ள இருவருக்குச் சாக்காகத் தொங்குகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

கேள்வி: முக்கால் பங்கு கதை நன்றாகப் போன பின், ஏதோ ஓர் அற்பமான தவறான புரிதலால் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடத் தோன்றுகிறது. நான் பொறுமையற்றவளா? (இல்லத்தரசி)

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது, நானும் பல நூல்களை அந்த இடத்தில் மூடியிருக்கிறேன். மேலே சொன்ன எட்டில், எல்லாம் முடிந்ததாகத் தோன்றும் கட்டம் அது. கட்டம் இருப்பது பிழையன்று; அதை எதைக் கொண்டு ஆசிரியர் கட்டியிருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அவன் வேறொரு பெண்ணைக் கட்டியணைத்ததை அவள் சன்னல் வழியே பார்க்கிறாள், அந்தப் பெண் அவன் தங்கை என்று இருபது பக்கம் கழித்துத் தெரிகிறது என்றால், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டியதை ஆசிரியர் இழுத்திருக்கிறார். அங்கே பாத்திரங்கள் அறிவிழந்தவர்களாக நடந்துகொள்வது கதைக்காகவே, அவர்கள் இயல்பினால் அன்று.

உறவினரின் நச்சரிப்பிலிருந்து தப்பிக்க, விடுமுறை முடியும்வரை காதலர்களாக நடிப்பது என்று இருவர் ஒப்புக்கொள்ளும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வகையில் மிகுதியாக வரும் அமைப்பு இது. நடிப்பு மெய்யாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த நடிப்பை நம்பி, தன் காலத்துக்குள் பேத்திக்கு ஒரு துணை அமைந்ததே என்று நிம்மதியடைந்த பாட்டி ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால், உண்மையைச் சொல்லும் கணம் மூவரையும் காயப்படுத்தும். அந்தப் பிரிவுக்கு வேர் இருக்கிறது. தன்னை எவரும் விரும்பமாட்டார்கள் என்ற அச்சமோ, பொய் சொல்லியே பழகிய கோழைத்தனமோ அங்கே வெளிப்பட்டுவிடுகிறது. தடை பாத்திரத்தின் உள்ளேயிருந்து வருகிறதா, ஆசிரியரின் கையிலிருந்து வருகிறதா என்று பார்த்தால், தொடர்வதா மூடுவதா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

கேள்வி: இவ்வகை நாவல் எப்போது தொடங்கியது? (பள்ளி ஆசிரியர்)

பதில்: சார்ல்ஸ் டிக்கன்சின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் குறுநாவல் 1843 டிசம்பர் 19 அன்று வெளியாயிற்று. அது காதல் கதை அன்று. எனினும் பண்டிகையையொட்டிப் புத்தகம் வெளியிடும் வழக்கத்துக்கு அதன் வெற்றி பெரிதும் உரமூட்டியது. 1908-இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் முதலில் பலவகை நூல்களை வெளியிட்டு, 1930-களில் காதல் நாவல்களில் நிலைகொண்டது. 1949-இல் கனடாவில் தோன்றிய ஹார்லிக்வின் 1971-இல் அதை வாங்கிக்கொண்டது. பண்டிகைக் காலக் காதல் நாவல்கள் பலவும் பண்டிகைக்கு வெகுமுன்பே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே கடைக்கு வந்துவிடுகின்றன.

கேள்வி: சென்ற டிசம்பரில் என் தாயார் காலமானார். அவரும் நானும் ஆண்டுதோறும் இத்தகைய நாவல்களைச் சேர்ந்து வாசிப்போம். இந்த ஆண்டு ஒன்றைக் கையிலெடுத்தேன். அதிலிருந்த மகிழ்ச்சியைத் தாங்க முடியவில்லை. மீண்டும் வாசிக்க இயலுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உடனே வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுங்கள், அது காத்திருக்கும். என் தந்தை மருத்துவமனையில் இருந்த நாட்களில் நடைக்கூடத்து நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்து இப்படியொரு நாவலை வாசித்தேன். கனமான எதையும் மனம் ஏற்கவில்லை. அந்தக் கதையில் எவரும் சாகமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர் மறைந்த பின்போ, அதே நூலை இரண்டாண்டு காலம் தொட முடியவில்லை. ஒரே நூல் ஒரு நிலையில் தாங்கவும் மற்றொரு நிலையில் குத்தவும் செய்யும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மீண்டும் தொடங்கத் தோன்றும் நாளில், இழப்பைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கும் நாவலைத் தேடுங்கள். மனைவியை இழந்தவன், தாயில்லாத முதல் பண்டிகையைக் கடக்கும் மகள் ஆகியோரை நாயகராகக் கொண்ட நூல்கள் இவ்வகையில் நிறைய உண்டு. பின்னட்டைக் குறிப்பிலேயே பெரும்பாலும் அது தெரிந்துவிடும். அத்தகைய நூலில் யாரும் உங்களைச் சிரிக்கும்படி வற்புறுத்த மாட்டார்கள். அம்மாவோடு வாசித்த நூல்களை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் தவிர வேறு பண்டிகைகள் இந்நாவல்களில் வருவதில்லையா? (நூலகப் பணியாளர்)

பதில்: வருகின்றன. யூதர்களின் எட்டு நாள் ஹனுக்கா பண்டிகையை மையமாகக் கொண்ட காதல் நாவல்கள் அண்மை ஆண்டுகளில் வெளியாகி வருகின்றன. எபிரேய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஹனுக்கா ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் தொடங்குகிறது. 2024-இல் அதன் முதல் இரவு டிசம்பர் 25 அன்றே அமைந்தது. இரு குடும்பங்கள், இரு பண்டிகைகள், ஒரே மாலை என்பது ஒரு நாவலுக்குப் போதுமான சிக்கல். ஆஸ்திரேலியக் கதைகளில் டிசம்பர் கடும் கோடை என்பதால் பனி வராது. அங்கே கடற்கரை வருகிறது.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. அட்டையில் அழகான கோட்டோவியமும் பனித்துளிகளும் உள்ள நாவல்களைக் கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா? (ஒரு தந்தை)

பதில்: அட்டையைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். வெளிர்நிறக் கோட்டோவிய அட்டை இன்று பெரியவர்களுக்கான நாவல்களிலும் பரவலாக இருப்பதால், உள்ளே முத்தத்தோடு நிற்கும் கதையும் இருக்கலாம், படுக்கையறையை விரிவாக எழுதும் கதையும் இருக்கலாம். பதிப்பகத்தின் குறிப்பில் இளையோர் நாவல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தரங்கக் காட்சிகளை வாசலோடு நிறுத்திவிடும் நூல்களை ஆங்கில வாசகர்கள் ‘மூடிய கதவு’ நாவல் என்று அழைப்பதால், மதிப்புரைகளில் அந்தச் சொல் வருகிறதா என்றும் பார்க்கலாம். எதுவும் தெளிவாகவில்லை என்றால் முதலில் நீங்களே வாசித்துவிடுங்கள். இரண்டு மாலைப்பொழுதுக்கு மேல் ஆகாது. வாசித்த பின் மகளோடு பேசவும் உங்களுக்கு ஏதாவது இருக்கும்.