உண்டியலுக்கு எத்தனை பூட்டு? பள்ளிவாசல் நிர்வாகம் பற்றிக் கேள்வி பதில்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பதினான்கு ஆண்டு ஜமாஅத் (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர் முஸ்லிம்களின் அமைப்பு) செயலாளராக இருந்தேன். அதற்கு முன்னால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். பேரேடு, பூட்டு, சாவி, கூட்டம், சண்டை இவற்றை என்னிடம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அஸ்ஸலாமு அலைக்கும் பாய். எனக்கு 28 வயது. போன மாதம் ஜமாஅத் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்கள் யாரும் என்னை மதிப்பதாகத் தெரியவில்லை. முதலில் எதை மாற்றுவது? (திருவாரூர் பக்கம்)

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள். எண்ணுங்கள். பள்ளிக்கு எத்தனை மனை, எத்தனை கடை, வங்கியில் எத்தனை கணக்கு, சாவிகள் யார் யாரிடம், பத்திரங்கள் எந்த வீட்டில்? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள், தாலுகா அலுவலகத்தில் பட்டாவைப் பாருங்கள். நான் பொறுப்பேற்றபோது எங்கள் மையவாடியின் (அடக்கத்தலம்) மூலப்பத்திரம் காலமாகிவிட்ட ஒரு முத்தவல்லியின் (பள்ளிச் சொத்து நிர்வாகி) வீட்டுத் தகரப்பெட்டியில், கல்யாணப் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அந்தக் குடும்பத்தார் கெட்டவர்கள் இல்லை. யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். நபித்தோழர் உசாமா (ரலி) அவர்களுக்கு இருபது வயது வாக்கில் நபி (ஸல்) படைத் தலைமை கொடுத்தார்கள். பின்னாளில் கலீஃபாவான உமர் (ரலி) போன்ற பெரியவர்களெல்லாம் அந்தப் படையில் இருந்தார்கள். அப்போதும் முணுமுணுப்பு எழுந்தது. இவருடைய தந்தையின் தலைமையையும் முன்பு இப்படித்தான் குறை சொன்னீர்கள் என்று நபியவர்கள் அதை அடக்கினார்கள். மூன்று மாதம் கழித்து, கூட்டத்தில் சொத்துப் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்காருவார்கள்.

உண்டியல் பணத்தில் சந்தேகம் வராமல் இருக்க என்ன வழி?

இரண்டு பூட்டு. ஒரு சாவி பொருளாளரிடம், இன்னொன்று நிர்வாகத்தில் இல்லாத ஒருவரிடம். ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்ததும் பள்ளிக்குள்ளேயே மூன்று பேர் உட்கார்ந்து எண்ண வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். தொகையை அன்றைக்கே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும்.

இதையெல்லாம் பலரும் செய்கிறார்கள். தவறுகிற இடம் வேறு. எண்ணிய பணத்திலிருந்தே எலக்ட்ரீஷியனுக்கு 600, பாய் தைத்தவருக்கு 300 என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை வங்கியில் போடுவார்கள். அதோடு வரவு என்ன, செலவு என்ன என்பது இரண்டுமே தொலைந்துபோகும். வந்தது முழுவதும் வங்கிக்குப் போகட்டும். கைச்செலவுக்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து, அதற்குத் தனி நோட்டு போடுங்கள். ஜகாத்தும் (கட்டாய தர்மம்) பொது நன்கொடையும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது. ஜகாத் யாருக்கு என்பதைக் குர்ஆன் எட்டு வகையாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. பள்ளிக்குப் பெயின்ட் அடிப்பது அதில் இல்லை.

நபி (ஸல்) ஜகாத் வசூலிக்க அனுப்பிய ஒருவர், இப்னுல் லுத்பிய்யா என்று பெயர், திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்றார். நபியவர்கள் மிம்பரில் (உரை மேடை) ஏறி, இவர் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். அவர் திருடவில்லை, ஒளிக்கவும் இல்லை. தானாகவே சொன்னார். அப்படியிருந்தும் விடவில்லை. உங்கள் ஊரில் பள்ளிக்கு சிமென்ட் கொடுக்கிற கடைக்காரர், செயலாளர் வீட்டுக்கு மட்டும் விலையைக் குறைத்துக் கொடுத்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எங்கள் இமாம் ஒன்றரை வருடத்துக்கு மேல் நிற்பதில்லை. மூன்று பேர் மாறிவிட்டார்கள். நல்ல இமாம் கிடைக்க எங்கே விசாரிப்பது?

இமாமை விசாரிப்பதற்கு முன்னால் உங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். கோபப்படாதீர்கள்.

எங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். மோதினார் (பாங்கு சொல்பவர்) ஒருவர் இருந்தார், நல்ல குரல். தலைவர் ஹவுளைக் (கை கால் கழுவும் தொட்டி) கழுவச் சொல்வார். பொருளாளர் அதே நேரத்தில் மின்கட்டணம் கட்ட அனுப்புவார். முன் வரிசையில் தொழுகிற ஒரு ஹாஜியார் தன் வீட்டுக்குப் பால் வாங்கி வரச் சொல்வார். சம்பளம் கொடுப்பது ஒரு ஜமாஅத், எஜமான்கள் ஏழு பேர். ஒருநாள் சுபுஹுக்கு பாங்கு சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் அறை காலி.

அதற்குப் பிறகு ஒரு விதி போட்டோம். இமாமுக்கும் மோதினாருக்கும் வேலை சொல்வது செயலாளர் மட்டும். மற்றவர்களுக்குக் குறை இருந்தால் செயலாளரிடம் சொல்லட்டும். நியமனத்தை எழுத்தில் கொடுத்தோம்: சம்பளம், எந்தத் தேதியில் தருவது, வாரம் ஒருநாள் விடுப்பு, பெருநாள் முடிந்து ஊருக்குப் போகப் பத்து நாள், விலகுவதானாலும் விலக்குவதானாலும் இரண்டு மாத அறிவிப்பு. மக்தப் (சிறுவர் மார்க்கக் கல்வி) வகுப்பு எடுத்தால் அதற்குத் தனிச் சம்பளம். ரமலானில் தராவீஹ் (இரவுத் தொழுகை) ஹதியா (அன்பளிப்பு) வருகிறதே என்று மாதச் சம்பளத்தைக் குறைக்கிற தந்திரத்தையும் நிறுத்தினோம். அடுத்து வந்த இமாம் ஒன்பது ஆண்டு இருந்தார்.

பயானை (மார்க்கச் சொற்பொழிவு) பற்றிக் குறை இருந்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள். ஜும்ஆ முடிந்து வாசலில் நிற்க வைத்து விமர்சிக்கிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. என்னைக் கேட்டால், சம்பளக் குறைவைவிட அதனால்தான் அதிகம் பேர் ஊரைவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஒன்று, உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் இருவரையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டீர்களா? தமிழக அரசின் வாரியம் அது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்குச் சொந்தமான ஆறு கடைகள். 1990-களில் பேசிய வாடகையே இன்னும். வாடகைதாரர்களில் இருவர் கமிட்டி உறுப்பினர்களின் மச்சான்மார். என்ன செய்ய?

உமர் (ரலி) கைபர் என்ற ஊரில் கிடைத்த நிலத்தை வக்ஃபு (அறப்பணிக்கு நிரந்தர ஒதுக்கீடு) செய்தபோது எழுதிய நிபந்தனை: விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது. நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், சொத்துச் சேர்க்கக் கூடாது. மச்சானுக்கு மலிவு வாடகை என்பது சொத்துச் சேர்ப்பதன் இன்னொரு வடிவம்.

சட்டப்படி, வக்ஃபு சொத்தை விற்றாலோ பரிமாற்றம் செய்தாலோ செல்லாது. 30 ஆண்டுக்கு மேல் குத்தகை விட முடியாது. முத்தவல்லி ஆண்டுதோறும் வக்ஃபு வாரியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், நிகர வருமானத்தில் பங்குத்தொகை கட்ட வேண்டும். முன்பு 7 சதவீதம் வரை இருந்ததை 2025 திருத்தம் 5 ஆகக் குறைத்திருக்கிறது. அந்தத் திருத்தத்தின் மற்ற பகுதிகளைப் பற்றி எனக்கு மனக்குறை நிறைய உண்டு, அது வேறு பேச்சு. எந்தச் சட்டம் வந்தாலும் ஆவணம் கையில் இருக்கிற ஜமாஅத்தான் நிற்கும்.

நடைமுறைக்கு: பக்கத்துத் தனியார் கடைகள் ஐந்தின் வாடகையை விசாரித்து எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். ஆறு பேருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் கடிதம் கொடுங்கள். மச்சான்மாரில் ஒருவர் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றவர்கள் பேச மாட்டார்கள். அந்தக் கமிட்டி உறுப்பினர்கள் இருவரும் இந்தப் பொருள் வரும்போது வெளியே போய் உட்காரட்டும்.

காக்கா, நாங்கள் பெண்கள் மதரஸாவை நடத்துகிறோம். வசூல், ஆசிரியைகள், பாடத்திட்டம் எல்லாம் நாங்கள்தான். கணக்கில் கையெழுத்து மட்டும் ஆண்கள் கமிட்டி. இது சரியா? (கீழக்கரை)

சரியில்லை தங்கச்சி. மேலே சொன்ன கைபர் வக்ஃபுக்கு, தனக்குப் பிறகு பொறுப்பாளராக உமர் (ரலி) எழுதி வைத்தது மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களை. மகன் அப்துல்லாஹ் (ரலி) உயிரோடு இருக்கும்போதுதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு இதை எழுதி அனுப்புங்கள். கூடவே மூன்று வருட வரவு செலவையும் வையுங்கள், இரண்டாவதுதான் வேலை செய்யும்.

நாநா, எங்கள் நம்பிக்கையாளர் சபையில் பதினைந்து பேர். இஷாவுக்குப் பிறகு கூடினால் நடுச்சாமம் வரை போகும். முடிவு வராது. தோற்றவர்கள் வெளியே போய்க் கதைப்பார்கள். (காத்தான்குடி, இலங்கை)

பொருள் பட்டியலை இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். எடுத்த முடிவை அந்த இடத்திலேயே எழுதி வாசித்து, கலைவதற்கு முன் கையெழுத்து வாங்குங்கள்.

தோற்றவர்கள் விஷயம் கொஞ்சம் ஆழமானது. உஹத் போருக்கு முன்னால் மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பது நபியவர்களின் கருத்து. முந்தைய பத்ர் போரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள் வெளியே போவோம் என்றார்கள். அந்தப் பக்கம் பேச்சு வலுத்தது, நபியவர்கள் கவசத்தை அணிந்து கிளம்பிவிட்டார்கள். எழுபது பேர் ஷஹீதானார்கள் (போரில் உயிர்நீத்தார்கள்). அதற்குப் பிறகு இறங்கிய குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்து 159-ஆவது வசனம், அவர்களை மன்னியுங்கள், காரியங்களில் அவர்களோடு ஆலோசியுங்கள் என்றுதான் சொல்கிறது. நான் அப்போதே சொன்னேனே என்ற பேச்சு அங்கே இல்லை. சபைத் தலைவர் இதைக் கடைப்பிடித்தால் மற்றவர்களுக்குத் தொற்றும். தலைவரே டீக்கடையில் கதைத்தால் நான் என்ன சொல்ல?

வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை.

அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றுங்கள். இன்றைக்கே.

அழைப்புப் பணிக்கென்று ஒரு குழு வைத்திருக்கிறோம். போன வருடம் பல ஆயிரம் துண்டுப் பிரசுரம் கொடுத்தோம், பெரிய பேச்சாளரை வைத்துக் கூட்டம் போட்டோம். பலன் இருந்ததா என்று எப்படி அளப்பது?

பிரசுரத்தை எண்ணாதீர்கள். அது அச்சகக்காரரின் கணக்கு. கூட்டத்துக்கு வந்த மாற்று மத சகோதரர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை உங்களைத் தேடி வந்தார்கள்? யாராவது கேள்வி கேட்டுப் போனாரா, அவருக்குப் பதில் போய்ச் சேர்ந்ததா, சேர்த்தது யார்? இதற்கு ஒரு நோட்டு போதும்.

நபித்தோழர்கள் முஆத், அபூமூசா (ரலி) இருவரையும் யமனுக்கு அனுப்பும்போது, எளிதாக்குங்கள், சிரமப்படுத்தாதீர்கள். நற்செய்தி சொல்லுங்கள், வெறுப்பூட்டாதீர்கள். இருவரும் ஒத்துப்போங்கள் என்று நபியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். கடைசி வார்த்தையைத்தான் நம் குழுக்கள் மறக்கின்றன. ஒரே தெருவில் இரண்டு அமைப்பு, ஒன்றின் போஸ்டர் மேல் இன்னொன்றின் போஸ்டர்.

2004 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றியிருந்த மீனவ கிராம மக்களுக்குச் சோறு போட்டார்கள். அந்தப் பகுதியில் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். எங்கே அண்டா இருக்கிறது, யாரிடம் வண்டி இருக்கிறது, யார் சமைப்பார் என்று தெரிந்த ஊரால்தான் அப்படி உடனே இறங்க முடியும். உங்கள் குழுவிடம் அந்தப் பட்டியல் இருக்கிறதா?

நிக்காஹ் தஃப்தரில் (ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு) எழுதிவிட்டோம். அது போதாதா?

போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தஃப்தர் நகலைக் கொடுக்கும்போதே இதையும் சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் தலைவர் தொழுகையாளி, நேர்மையானவர், 19 வருடமாக அவர்தான். ஆனால் ஒரு வேலையும் நடக்கவில்லை. எப்படிச் சொல்வது?

நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்களைவிட நேர்மையானவர் யார்? அவர் பொறுப்புக் கேட்டபோது, நீர் பலவீனமானவர், இது அமானிதம் என்று நபியவர்கள் கொடுக்கவில்லை. பக்தி குறைவு என்று சொல்லவில்லை. அந்த வேலைக்கு வேறு திறமை வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தலைவருக்கு கௌரவத் தலைவர் என்று ஒரு இடம் கொடுத்து, காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் மாற்றுங்கள். பெருநாளன்று முதல் ஸலாம் அவருக்கே இருக்கட்டும்.

நீங்கள் ஏன் விலகினீர்கள் பாய்? யாராவது விலக்கினார்களா?

இல்லை. கடைசி வருடம் ஒரு மாதக் கணக்கில் 1,740 ரூபாய் உதைத்தது. மூன்று நாள் ரசீதுகளைப் புரட்டினேன். பொருளாளர் தம்பியைக்கூட மனதுக்குள் சந்தேகப்பட்டேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். கடைசியில் மோதினார்தான் ஞாபகப்படுத்தினார்: பெண்கள் பகுதியில் மின்விசிறி ரிப்பேருக்கு நானே கொடுத்த பணம். எழுத மறந்திருக்கிறேன். அந்த ஜும்ஆவில் கரும்பலகையில், "விட்டுப்போன செலவு 1,740, தவறு செயலாளருடையது" என்று எழுதிவிட்டு, அடுத்த கூட்டத்தில் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். மொத்தம் பதினோரு சாவி. எது எந்தப் பூட்டுக்கு என்று சீட்டு கட்டித்தான் கொடுத்தேன்.