பெரியம்மாவை மறைக்கலாமா? மனச்சிதைவும் பரம்பரையும்

அண்ணனுக்கு மனச்சிதைவு. எனக்கும் வருமா? (வெள்ளவத்தை)

மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா), இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று மனதைக் குழப்பும் நோய். பொதுவில் நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்பது, பத்து. மிச்சம் தொண்ணூறு பேருக்கு வராது. கஞ்சாப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருக்கிறதாம். பிள்ளை பெறலாமா? (தெஹிவளை)

யார் அந்த ஒருவர்? உங்கள் கணவரா, கணவரின் ஒன்றுவிட்ட சித்தப்பாவா? பிள்ளையின் தாய் தகப்பனில் ஒருவருக்கென்றால் பத்து வீதம், இருவருக்குமென்றால் நாற்பது. தூரத்து உறவென்றால் பொதுக் கணக்கைவிடச் சற்றே கூட. எத்தனை தரம் எழுதிவிட்டேன், உறவு முறையைச் சொல்லிக் கேளுங்கள்!

நான் வளர்த்த பிழையா? (மட்டக்குளி)

இல்லையம்மா. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை 1960களில் தேடிப் பார்த்தார்கள். நோய் வந்த பிள்ளைகளைப் பெற்ற குடும்பத்தில்தான் அந்த நோய் கூடுதலாக இருந்தது, வளர்த்த குடும்பத்தில் அல்ல.

ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் அம்மம்மா வரை குடும்ப விபரம் கேட்கிறார்கள். "பெரியம்மாவைப் பற்றி வாய் திறக்காதே" என்கிறா அம்மா. மறைத்தால் என்ன? (கொட்டாஞ்சேனை)

மறைப்பதென்றால் ஆராய்ச்சியில் சேராமலே விடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயாளியென்றால் உள்ளே கறுப்பு. இப்படித்தான் குடும்ப மரம் கீறுவோம். ஒரு வீட்டில் பாட்டி சொன்னா: "அவ சின்னனிலேயே செத்திட்டா." வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டேன். மூன்று வருடம் கழித்துப் பேத்தி வந்து சொன்னாள், அந்தப் பெண் அறுபது வயதுவரை பின்னறையில் இருந்தாவாம். ஒருநாள்கூட மருந்து கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

நோய் வந்தவர்களிடம் இருக்கிற, வராதவர்களிடம் இல்லாத மரபணுத் துண்டு எது என்பதுதான் தேடல். ஒரு வட்டம் பொய்யானால் கணக்கே தலைகீழ். ஸ்கொட்லாந்தில் ஒரே குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான், 1ஆம், 11ஆம் குறோமோசோம்களில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில்) துண்டுகள் இடம் மாறியிருப்பதை நோயோடு தொடுத்து 1990இல் எழுதினார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஆறு பேருக்கு நோய் வந்த கல்வின் குடும்பம் இரத்தமும் கொடுத்தது, கதையையும் சொன்னது. கலியாணப் பேச்சுக் குழம்பும் என்ற அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். பெயர் எங்கே இருக்கும், யார் பார்ப்பார் என்று கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள். பெரியம்மா உயிரோடு இருந்தால் முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

மாப்பிள்ளைக்கு மரபணுச் சோதனை செய்யலாமா? (பம்பலப்பிட்டி)

வருமா வராதா என்று சொல்கிற சோதனை இல்லை. 2022இல் வந்த பெரிய ஆய்வில் மட்டும் இந்த நோயோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்கள் அகப்பட்டன, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குப் பாதிக்குப் பாதிகூட நிச்சயமில்லை. காசை வீணாக்காதீர்கள்.

பரம்பரை நோயென்றால் குளுசை எதற்கு? தம்பி நிறுத்திவிட்டான். (வத்தளை)

பரம்பரையாக வரும் சலரோகத்துக்குக் குளுசை போடுவதில்லையா? தானாக நிறுத்தக்கூடாது, நிறுத்தக்கூடாது. இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் நிலைமை மோசமானால் மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு எடுங்கள்.