மோதலை அளக்கும் தொழில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வளர்ச்சியையும் ஆயுத மோதலையும் சேர்த்து ஆராயும் அரசியல் அறிவியலாளராக விரும்புவோர் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: முதுகலை முடிக்கப் போகிறேன். முனைவர் பட்டத்துக்கு எங்கே சேர்வது? கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டு பிடிக்கும். பிரிட்டனில் 3, 4 ஆண்டில் முடித்துவிடலாம். சீக்கிரம் முடிகிறதே என்று மட்டும் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டு பாடங்களும் தகுதித் தேர்வுமாகப் போகும். ஆய்வு முறைகளை அங்கேயே கற்றுக்கொடுப்பார்கள். பிரிட்டனில் விண்ணப்பிக்கும்போதே ஆய்வுத் திட்டம் கையில் இருக்க வேண்டும். புள்ளியியல் இன்னும் பிடிபடாதவருக்கு முதல் வழிதான் தோது. நிகழ்தகவு, ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை), 'ஆர்' போன்ற ஒரு புள்ளியியல் மென்பொருள் மூன்றும் இல்லாமல் இந்தத் துறையில் நகர முடியாது. நீங்கள் ஆய்வு செய்யப் போகும் பகுதியின் மொழியும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளரை ஏதோ ஒரு தரப்பு ஆளாகத்தான் ஊரார் பார்ப்பார்கள். அவர் முன்னால் வரும் பதில் அவருக்கான பதில், உங்களுக்கானது அல்ல.

கேள்வி: வறுமைதானே மோதலுக்குக் காரணம்? வளர்ச்சி வந்தால் எல்லாம் அடங்கிவிடாதா?

தலா வருமானம் குறைந்த நாடுகளில் உள்நாட்டுப் போர் அதிகம் என்பது உண்மை. ஆனால் போரும் வறுமையைக் கொண்டுவரும். எது முந்தியது என்று பிரித்துக் காட்டுவதில்தான் உங்கள் வேலையே இருக்கிறது. கொலம்பியாவைப் பற்றி டூபே, வர்காஸ் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உலகச் சந்தையில் காப்பி விலை விழுந்தபோது காப்பி விளையும் நகராட்சிப் பகுதிகளில் வன்முறை கூடியது. கச்சா எண்ணெய் விலை ஏறியபோதோ, எண்ணெய் எடுக்கும் பகுதிகளில் வன்முறை கூடியது! காப்பிக்கு ஆள் நிறைய வேண்டும். கூலி விழுந்தால் ஆயுதக் குழுவில் சேர்பவன் இழப்பது குறைவு. எண்ணெய்க்கு ஆள் அதிகம் வேண்டாம். விலை ஏறினால் பறிக்கக் கிடைப்பதுதான் கூடும். அதனால் 'வருமானம்' என்று ஒரே மாறியைப் போட்டுக் கணக்கை ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தொடர்பே இல்லை என்று விடை வரலாம்.

நலத்திட்டமும் அப்படியே. பிலிப்பைன்ஸில் ஒரு சமூக மேம்பாட்டுத் திட்டத்துக்கு வறுமை அளவுகோலில் மயிரிழையில் தகுதி பெற்ற நகராட்சிகளையும், மயிரிழையில் தவறவிட்டவற்றையும் ஒப்பிட்ட 2014 ஆய்வில், தகுதி பெற்ற இடங்களில்தான் மோதல் உயிரிழப்பு கூடியிருந்தது. திட்டம் மக்கள் ஆதரவை அரசுப் பக்கம் இழுத்துவிடும் என்று அஞ்சும் ஆயுதக் குழுக்கள், அது தொடங்கும் முன்பே தடுக்கப் பார்க்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

கேள்வி: உப்சாலா மோதல் தரவுத் திட்டத்தின் (உலகெங்கும் ஆயுத மோதல் சம்பவங்களைத் தொகுக்கும் ஸ்வீடன் பல்கலைக்கழகத் திட்டம்) தரவுக் கோப்பை வரைபடத்தில் போட்டேன். ஒரே புள்ளியில் ஏராளமான சம்பவங்கள் குவிகின்றன. என்ன தப்பு?

தப்பு கோப்பில் இல்லை. ஒரு நெடுவரிசையை விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் இடத் துல்லியக் குறி 1 முதல் 7 வரை இருக்கும். 1 என்றால் சரியான இடம் தெரியும். 2 என்றால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆரத்துக்குள். 3 என்றால் மாவட்டம் மட்டும். 4 என்றால் மாகாணம் மட்டும். 6 என்றால் நாடு மட்டுமே தெரியும். இடம் தெரியாத சம்பவத்துக்கும் ஏதாவது ஒரு பிரதிநிதிப் புள்ளி கொடுத்தாக வேண்டுமே, அவைதான் உங்கள் வரைபடத்தில் குவிந்திருக்கின்றன.

மாவட்ட அளவில் ஆய்வு என்றால் குறி 4-உம் அதற்கு மேலும் உள்ள சம்பவங்களை நீக்கிவிட்டுக் கணக்கை ஓட்டுங்கள். அதோடு நின்றால் பெரிய பிழை. செய்தியாளர் நுழைய முடியாத இடத்தில்தான் துல்லியம் குறையும். அதாவது சண்டை உக்கிரமாக இருந்த மாதங்களையே நீங்கள் வெட்டி எறிந்திருக்கலாம். நீக்கியவை எந்த ஆண்டு, எந்த மாகாணத்தைச் சேர்ந்தவை என்று ஒரு அட்டவணை போட்டுக் கட்டுரையில் சேருங்கள். இன்னொன்று: இந்தத் தொகுப்பில் உயிரிழப்பு உள்ள சம்பவங்கள் மட்டுமே வரும். 'ஏக்லெட்' என்ற இன்னொரு மோதல் தரவுத் தொகுப்பில் உயிரிழப்பு இல்லாத ஆர்ப்பாட்டம்கூட வரும். இரண்டையும் ஒன்றாக ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஆயுதக் குழுவை ஆதரிக்கிறீர்களா என்று கிராமத்தாரிடம் எப்படிக் கேட்பது?

நேராகக் கேட்கக் கூடாது. பட்டியல் சோதனை என்று ஒரு வழி உண்டு. பாதிப் பேருக்கு நான்கு பெயர்கள் கொண்ட பட்டியல், மீதிப் பேருக்கு ஆயுதக் குழுவையும் சேர்த்து ஐந்து. யாரை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்காமல், எத்தனை பேரை என்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சராசரி 1.8, மறுபக்கம் 2.1 வந்தால், வித்தியாசமான 0.3-தான் குழுவுக்கான ஆதரவு, அதாவது 30 சதவீதம்.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. 1,000 பேரிடம் நேரடியாகக் கேட்டால் பிழை வரம்பு (விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பது) ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி. அதே 1,000 பேரை இரண்டாகப் பிரித்துப் பட்டியல் கொடுத்தால், விடைகளின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி விடைகள் சிதறும் அளவு) 1 என்று வைத்தால், வரம்பு 12 புள்ளி. எல்லாரும் ஆதரிக்கும் பெயர்களாகவே போட்டால் ஐந்து பெயர்ப் பட்டியலில் 'ஐந்து' என்று சொன்னவர் மாட்டிக்கொள்வார். பயந்து 'நான்கு' என்பார். களத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு வேறு: எண்ணைச் சொல்லாமல் "முதலாவதும் மூன்றாவதும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். முன்னோட்டத்திலேயே இதற்குக் கணக்கெடுப்பாளரைப் பழக்குங்கள். விரலை மடக்கிக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து எண்ணச் சொல்வது நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால்?

வளர்ச்சி வங்கிகள், உதவி அமைப்புகளின் மதிப்பீட்டுப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே ஆய்வேட்டைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. இரண்டு பக்கக் குறிப்பு எழுதப் பழகுங்கள்.

கேள்வி: நேர்காணல் தந்தவரின் பெயரை எவ்வளவு காலம் ரகசியமாக வைக்கலாம்?

சட்டம் விடும்வரை மட்டுமே. வட அயர்லாந்தின் முன்னாள் போராளிகளை, இறக்கும்வரை வெளியே வராது என்ற உறுதியின்பேரில் பேசவைத்து அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி சேமித்த ஒலிப்பதிவுகளை பிரிட்டன் போலீஸ் கேட்டது. 2011-இல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணைகள் பாய்ந்தன, ஒரு பகுதி கைமாறியது. எனவே நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால், வாய்மொழி ஒப்புதலுக்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். குறிப்பில் எண் மட்டும் இருக்கட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் வேறிடத்தில், குறியாக்கம் செய்து. அதை அழிக்கும் தேதியும் அந்தக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே. பெயரே தேவையில்லாத ஆய்வு என்றால் அந்தத் தாளே வேண்டாம்.